எங்கள் தெருவின் கம்ப்யூட்டர் நிபுணர்

பத்தாம் வகுப்பு படித்தபோது எனக்குத் தெரியாத புராசஸர் உலகத்தில் இல்லை. ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். நூலகத்துக்கு வரும் கம்ப்யூட்டர் பத்திரிகையை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த உழைப்பில் பாதியைக் கணக்குப் பாடத்துக்குத் தந்திருந்தால் இன்று வேறு ஆளாக இருந்திருப்பேன்.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் விளாங்குடி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவானது. படிப்புக்கு என்பது அப்பாவிடம் சொன்ன காரணம். கார் ரேஸ் என்பது வகுப்பில் சொன்ன காரணம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கார் பறக்கும், சினிமா ஓடும், எல்லோரும் வரலாம் என்று அழைப்பும் விடுத்துவிட்டேன். அப்பாவோ, "பாத்து வாங்குங்க. இது கெட்டுப்போச்சுன்னா அடுத்தது இவன் கல்யாணத்துக்குத்தான்" என்று சொல்லி, அம்மாவையும் என்னோடு அனுப்பிவிட்டார்.

ஒரு நிபுணனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் சுங்குடிச் சேலை. பெண்கள் முடிச்சுப் போட்டுத் தரும் துணியைச் சாயத்துக்கு அனுப்புமுன் விரித்துச் சரிபார்ப்பது அவள் வேலை. ஆயிரக்கணக்கான முடிச்சுகளில் வரிசை பிசகிய ஒன்றின்மேல் அவள் விரல் போய் நிற்கும். அதற்கும் புராசஸருக்கும் என்ன சம்பந்தம்?

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் எடுத்த எடுப்பில் பெயர்பெற்ற கம்பெனியின் புராசஸரைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"இதுக்குப் போட்டிக் கம்பெனி இருக்குல்லண்ணே, அதப் போடுங்க. வெல கம்மி, கேமும் நல்லா ஓடும். மிச்சத்த நல்ல போர்டுல போடலாம். பின்னாடி கிராபிக்ஸ் கார்டு செருக எடம் இருக்கணும்."

"அது சூடாகுமே தம்பி."

"ஃபேன் பெருசாப் போடுங்கண்ணே."

அவர் காட்டியதை எடுத்து உள்ளே வைத்தார். வரிசையில் நின்ற இரண்டு கல்லூரி அண்ணன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்காததுபோல் நின்றேன். அதற்குப் பெரிய முயற்சி தேவைப்பட்டது.

கேட்ட மதர்போர்டு வந்தது. பெட்டியின் நான்கு பக்கத்தையும் படித்து, "சரியா இருக்கு, பேக் பண்ணுங்கண்ணே" என்றேன். அம்மா பெட்டியைப் பிரித்துப் போர்டை வெளியே எடுத்தாள். மாடிப்படி வாசலுக்குக் கொண்டுபோய், சேலை முடிச்சைப் பார்ப்பதுபோல வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மானத்தை வாங்காதே என்று, கடைக்காரருக்குப் புரியாதபடி, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் கெஞ்சினேன். அவளோ எல்லோருக்கும் புரியும்படி தமிழிலேயே பேசினாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க தம்பி."

"அம்புட்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுதானே, எடுங்க."

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள். போர்டில் குட்டி டப்பாக்கள் போலக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நின்றன. அம்மாவின் விரல் அவற்றில் ஒன்றின்மேல் போய் நின்றது.

"இது மட்டும் ஏன் உச்சி உப்பிக் கெடக்கு?"

"அது டிசைன்க்கா."

"அப்ப அதுல ஏன் அந்த டிசைன் இல்ல?"

கல்லூரி அண்ணன்கள் சிரித்துவிட்டார்கள். கெட்டுப்போய்த் திரும்பி வந்த போர்டு எப்படியோ புதுப் பெட்டிக்குள் போய்விட்டது என்று கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மா புதிய போர்டை வாங்கினாள். அலைக்கழித்ததற்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் சும்மா வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் திக்காமல் திணறாமல் பறந்தன. ஒன்பது பேர் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். கெட்ட போர்டைக் கண்டுபிடித்தது நான்தான் என்று அந்தச் சபையில் அறிவித்தேன். முறுக்குத் தட்டோடு வந்த அம்மா காதில் அது விழுந்தது. "ஆமா, இவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கப் போனாலும் என்னை அழைத்தார்கள். என் புகழ் ஆனையூர்வரை போயிற்று. நான் பெட்டியைப் படித்து விளக்கவுரை ஆற்றுவேன்; பொழுதுபோகாமல் அம்மாவும் கூடவே வருவாள். வாங்கியதில் ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. ஆனால் கூப்பிட வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று முதலில் கேட்டது, "அம்மாவும் வாராங்கள்ல?" என்றுதான். சின்னப் பையனைத் தனியாகக் கூட்டிப்போகத் தயங்குகிறார்கள், பாவம், என்று நினைத்துக்கொள்வேன்.