போணிக் கை

எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். காலையில் கடையைத் திறந்து, முதல் வியாபாரம் ஆகிற வரைக்கும் கல்லா மேஜைக்கு அடியில் வலது கால் நிற்கவே நிற்காது. போணி ஆனதும் தானாக அடங்கிவிடும். போடி பஜாரில் பதினெட்டு வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் பஜாரில் எழுதாத சட்டம். ஒற்றை ஆணி கேட்டாலும் கொடுக்க வேண்டும். அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

எதிரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் நண்பனுக்குக் கைராசி உண்டு என்று எனக்கு நம்பிக்கை. அவன் போணி செய்த நாள் வியாபாரம் சோடை போனதில்லை. அதனால் தினமும் காலையில் ரோட்டைத் தாண்டி வந்து வாஷர், ஸ்குரூ என்று எதையாவது வாங்கிப் போவான். அவன் கடை டிராயர் ஒன்றில் பாதிக்கு மேல் என் கடைச் சாமான்தான்.

அவன்தான் என்னை போக்கர் சீட்டாட்டத்துக்குக் கூட்டிப்போனவன். போனில் காசு வைத்து ஆடுவதெல்லாம் நின்ற பிறகு, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் பேக்கிங் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் நடத்தினார். காசு கிடையாது. ஆளுக்குச் சமமாக பிளாஸ்டிக் வில்லைகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, அதுதான் கை; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. வில்லை தீர்ந்தவன் எழுந்து போக வேண்டியதுதான். ஒன்பது பேர், ஒன்பது நாற்காலி.

ஆரம்பத்தில் வில்லை நிறைய இருக்கும், கட்ட வேண்டியது கொஞ்சம். அப்போது பத்துக் கை வந்தால் எட்டையோ ஒன்பதையோ கீழே போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதா? நானா? அதிலும் முதல் கையை என்னால் போடவே முடியாது. இருப்பதிலேயே மட்டமான ஏழும் இரண்டும் வந்தாலும் அது போணி ஆயிற்றே. நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் வில்லையை அள்ளி வைப்பேன். முக்கால்வாசி ஞாயிறுகளில் முதலில் வெளியேறுவது நான்தான். பிறகு சாயங்காலம் வரை திராட்சைப் பந்தலுக்குள் நடந்து நடந்து மண்டை காய்வேன். நண்பனின் பைக்கில் வந்தவன் அவனை விட்டுவிட்டு எப்படித் திரும்புவது?

அப்படி இருந்தும் அந்த நாற்காலி எனக்கு உயிர். ஆறு நாள் கல்லாவுக்குப் பின்னால் அடைந்து கிடப்பவனுக்கு அந்த ஒரு நாள்தான் மூச்சு. அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தோட்டத்து அண்ணன் சொன்னார்: "உத்தமபாளையத்துல இருந்து தேங்கா வியாபாரி ஒருத்தரு ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்காக. இங்கன பத்தாவது நாற்காலிக்கு எடமில்ல. அடுத்த வாரம் மொதல்ல யாரு வெளிய போறாகளோ அவுக எடம் அவருக்கு. இந்த வருஷம் முழுக்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கக்கூட ஒருவரும் முயலவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கணக்கு டீச்சர். மூன்று நாள் என் போனை வாங்கி இந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, கடை பில்லின் பின்பக்கம் பதினாறு ஜோடிச் சீட்டுகளை எழுதித் தந்தாள்.

"இதுல இல்லாத எதையும் தொடாதீங்க. மொத ஒரு மணி நேரம் கைய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காருங்க."

"மொதக் கை?"

"கடையில போணி பார்த்தா சரி. சீட்டுல உங்ககிட்ட எவன் போணி கேட்டான்?"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பில் என் சட்டைப் பையில் இருந்தது. பைக்கில் சின்னமனூர் தாண்டும்போது நண்பனிடம் கத்திச் சொன்னேன், "மாப்ள, இன்னைக்கு மொதக் கையக் கீழ போடப்போறேன்." அவன் நம்பினானோ என்னவோ. "நீ போட்டுட்டாலும்" என்று மட்டும் சொன்னான்.

ஷெட்டில் உட்கார்ந்தோம். கால் ஆட ஆரம்பித்தது. முதல் கை வந்தது. மூலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஏஸ். அடுத்ததைத் தூக்கினேன். அதுவும் ஏஸ்.

பட்டியலில் முதல் வரி அதுதான். எழுதும்போது மனைவி அதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தாள். எப்போதும் செய்கிற மாதிரியே வில்லையை அள்ளி நடுவில் வைத்தேன்.

"ஏலே, போணி ஆரம்பிச்சுட்டான்" என்றார் அண்ணன். ஷெட்டே சிரித்தது. ஒவ்வொருவராகச் சீட்டைக் கீழே போட்டார்கள். ஆரம்பத்திலேயே இவனோடு எதற்கு மல்லுக்கட்டு என்றுதான்.

கடைசியாக என் நண்பன். நிதானக்காரன். மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் மாத்திரையைக் கிழிப்பான். சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் வில்லைகள் மொத்தத்தையும் நடுவுக்குத் தள்ளினான்.

நானும் வைத்தால் தோற்கிறவன் வெளியே. அவன் தள்ளியது தன் கையை நம்பி இல்லை, கையில் எதுவும் இல்லாமல் வைக்கும் என் போணியை நம்பி. பைக்கில் நான் சொன்னதை அவன் நம்பவில்லை என்று அப்போதுதான் உறுதியானது. நம்பியிருந்தால் இப்படித் தள்ளியிருக்க மாட்டான். இரண்டு ஏஸையும் கவிழ்த்துப் போட்டு அவனைக் காப்பாற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது உண்மை. உத்தமபாளையத்து வியாபாரி நினைப்பும் வந்தது. இரண்டில் எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நானும் வெக்கிறேன்."

சீட்டைத் திருப்பினோம். அவனிடம் இரண்டு ஜாக்கி. என் சீட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. நடுவில் ஐந்து சீட்டும் விழுந்தன. ஒன்றும் அவனுக்கு உதவவில்லை.

"போணின்னு நெனச்சேன்டா" என்றான். எழுந்து நாற்காலியை ஒழுங்காக மேஜைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனான்.

நான் ஆட்டத்தில் இருந்தேன், அவ்வளவுதான். பந்தலுக்குள் அவன் அங்கும் இங்கும் நடப்பது ஷெட் வாசல் வழியாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் நடக்கிற அதே பாதை. பட்டியலில் இல்லாத கைகளை வேண்டுமென்றே ஆடி, நான்கு மணிக்குள் வில்லைகளைத் தொலைத்துவிட்டு எழுந்தேன். திரும்பும்போது பைக்கில் அவன் தோளில் வைத்த கையை எடுத்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதுக்குக் கடையைத் திறந்தேன். எதிர்க் கடை ஷட்டரும் ஏறியது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கால் ஆடியது. முதலில் ஒருவர் குழாய் டேப் கேட்டு வந்தார். "இல்லையே அண்ணே" என்றேன். டேப் அவர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து ஒரு பெயிண்டர், ஐந்து பிரஷ். நல்ல வியாபாரம். "கல்லாச் சாவிய வீட்ல விட்டுட்டேன், அப்புறம் வாங்க." இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். பதினெட்டு வருஷத்தில் நடக்காதது.

மணி பத்தானது. மூன்றாவது ஆள் படியேறும் முன் அவன் ரோட்டைத் தாண்டி வந்தான்.

"வந்தவுகள ஏன்டா தொரத்துற?"

நான் கல்லா மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அரை இஞ்ச் வாஷர் ஒண்ணு குடு."

எடுத்துக் கொடுத்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஞாயித்துக்கெழம மொதக் கையத் தொடாத மாப்ள. இனிமே உன் போணிக்கு எவனும் ஏமாற மாட்டான். அத நம்புன ஒரே ஆளு நான், நானும் வெளிய வந்துட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான். நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். போணி ஆகிவிட்டது. மேஜைக்கு அடியில் கால் நிற்கவில்லை.