சொல்யூஷன் காயவில்லை

கன்னியம்மாவைப் போலப் பயப்படுகிற மனுஷியை நான் பார்த்ததில்லை. லாரி ஹாரன் அடித்தால் பயம், இடி இடித்தால் பயம், முதலாளி தொண்டையைச் செருமினால் பயம். கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டோரம் சுப்பராயன் முதலாளி நடத்திய கார் ஷெட்டில் நான் மெக்கானிக், அவள் சீட்டுக்குக் குஷன் தைக்கிறவள். ஆறு வருடம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். அந்த ஆறு வருடமும் அவளைக் கேலி செய்வதை நான் ஒரு உபதொழிலாகவே வைத்திருந்தேன்.

"பாக்கியராஜண்ணா, அந்த ஒயரு பொகையுற மாதிரி கீது, கொஞ்சம் பாரேன்" என்பாள். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "பொகை உன் மண்டைக்குள்ள வருது, போய் மோர் குடி" என்பேன். ஷெட்டே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள், இன்னொரு தடவை ஒயரைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஆரணிப் பக்கம் ரைஸ் மில்லில் கோணி தைத்துப் பழகிய கை அது. புருஷன் லாரி விபத்தில் போன பிறகு, கைக்குழந்தை செண்பகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். கார் சீட்டை அவள் தைத்தால் தையல் பிரியாது. அதனால்தான் முதலாளி அவள் பயத்தையெல்லாம் சகித்துக்கொண்டார்.

ரெக்ஸின் ஒட்டுகிற பசையான ரப்பர் சொல்யூஷன் என்றால் மட்டும் அவள் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு தடவை அவள் டப்பாவைத் திறந்து வைத்து ரெக்ஸின் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்தடி தள்ளி ஒரு கிளீனர் பீடி பற்ற வைத்தான். தீக்குச்சி கீழே விழுந்ததும் நெருப்பு தரையோடு தரையாக நீலமாக ஓடி வந்து டப்பாவைப் பிடித்தது. மணலை வாரிக் கொட்டி அணைத்தோம். அன்றிலிருந்து பீடிக்காரர்களை வெளியே விரட்டாமல் அவள் டப்பாவைத் திறந்ததில்லை. "அதுல பெட்ரோலு கீதுண்ணா. அந்த ஆவி கீழதான் எறங்கும். கண்ணுக்குத் தெரியாம தரையில தவழும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். நான் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தேன்.

எழுபத்து மூன்றாம் வருடம். ஆயுத பூஜைக்கு முதல் நாள். மறுநாள் விடுமுறை என்பதால் ஷெட்டில் அன்று சாயங்காலமே பூஜை. மத்தியானத்தோடு வேலையை முடித்து, ஸ்பானரையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி அடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மில் மேனேஜரின் அம்பாஸிடர் வந்து நின்றது. இன்ஜின் சத்தம் காருக்குள் மண்டையைப் பிளக்கிறதாம். இன்ஜினை மூடுகிற பானெட்டைத் தூக்கினேன். சத்தத்தையும் சூட்டையும் அடக்க உள்பக்கம் ஒட்டியிருந்த ஃபெல்ட் கம்பளி நைந்து, எண்ணெய் குடித்து, கிழிசல் கிழிசலாகத் தொங்கியது. இரண்டு கிழிசல் புகைக்குழாயைத் தொட்டுக் கருகியே போயிருந்தது. மேனேஜர் அன்று சாயங்காலம் குடும்பத்தோடு மெட்ராஸ் போகிறார், அதற்குள் மாற்றியாக வேண்டும் என்றான் டிரைவர். பெரிய இடத்து வேலை. முதலாளி யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

கன்னியம்மா பழைய ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்தாள். நியூஸ் பேப்பரில் அளவெடுத்துப் புது ஃபெல்ட்டை வெட்டி, தகரத்திலும் ஃபெல்ட்டிலும் சொல்யூஷன் தடவினாள். தூறல் நாள். காற்றில் ஈரம். தகரத்தில் ஊறியிருந்த எண்ணெய் வேறு ஒட்டவிடவில்லை. இரண்டாம் தடவையும் கனமாகத் தடவி அழுத்தினாள்.

"மொதலாளி, ராத்திரி பூரா தொறந்து கெடக்கணும்" என்றாள் பயந்துகொண்டே.

"நாலு மணிக்குக் காஞ்சிடும் போ" என்றார் அவர்.

அவருக்கு மேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் ஊட்டுக்குப் போயி புள்ளய இட்டுக்கினு வரேன். பானெட்ட மட்டும் மூடாம பாத்துக்க. மூடுனா உள்ள ஆவி தங்கிடும்."

"நீ போ. துப்பாக்கி வச்சிக்கினு காவல் நிக்கிறேன்" என்றேன்.

மூன்றரை மணிக்கு டிரைவர் இன்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. முதலாளி சந்தனக் கிண்ணமும் மாலையுமாக வந்தார். "ராஜு, பானெட்ட மூடு, மாலை போடணும்."

அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எதைக் கண்டாலும் பயப்படுகிறவள்தானே என்று நினைத்து, இரண்டு கையாலும் அழுத்தி மூடினேன். குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. கார் ஷெட்டில் பெட்ரோல் வாடை அடிக்காமல் மல்லிகைப்பூ வாடையா அடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றி, பிள்ளைகளை ஒரு ரவுண்டு கூட்டிப் போவது எங்கள் ஷெட் வழக்கம். பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள். வந்ததும் வராததுமாகச் செண்பகம் அம்மா கையை உதறிவிட்டு ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினாள். என் மூன்று பிள்ளைகளில் ஒருத்தியான கிரேஸும் ஷெட்டில் மற்றவர்களின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். முதலாளி பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, காருக்கு முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா மூடிய பானெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கார் முகப்பின் கம்பிகளுக்கு அருகில் நின்றிருந்தேன். காலடியிலிருந்து வாடை வெதுவெதுப்பாக ஏறியது. நீலமாகத் தரையில் ஓடிய அந்த நெருப்பு கண்ணுக்குள் வந்தது. முதல் சுற்று முடிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பூசணிக்காய் தாழ்ந்து அந்தக் கம்பிகளுக்கு எதிரே வந்து போனது. மூன்றாவது சுற்று முடிந்ததும் தரையில் போட்டு உடைப்பார்கள். ஜன்னல் வழியாக கிரேஸ் எனக்குக் கை காட்டிச் சிரித்தாள். நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும். கத்தினால் யார் மூடியது என்று கேட்பார்கள். என் குழந்தை உள்ளே இருக்கும்போது எனக்கு அந்த யோசனை ஓடியது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் கன்னியம்மா ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் பொத்திப் பிடித்து அழுத்தினாள். சதை கருகும் வாடை வந்தது. கையை எடுக்கவே இல்லை. நெருப்பு அணைந்த பிறகு பின்கதவைத் திறந்து, கிடைத்த பிள்ளையைக் கிடைத்த இடத்தில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.



"பூஜை நெருப்ப அணைச்சிட்டியே பாவி" என்றார் முதலாளி.

"சொல்யூஷன் காயல மொதலாளி."

பானெட்டைத் தூக்கினார்கள். ஃபெல்ட்டின் ஒரு மூலை கழன்று தொங்கியது, சொல்யூஷன் நூல் நூலாக இழுபட்டது. மேலே எழுந்த ஆவியில் கண் எரிய, எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"யாரு இத மூடுனது?" முதலாளி சுற்றிலும் பார்த்தார். மூடச் சொன்னதே அவர்தான். அந்தப் பதற்றத்தில் அவருக்கு அது மறந்துவிட்டதோ, மறக்க வேண்டியிருந்ததோ தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

கன்னியம்மா என் பக்கம் திரும்பவில்லை. "தெரியல மொதலாளி" என்றாள்.

முதலாளிக்குப் பழியை யார் மேலாவது போட்டாக வேண்டும். நல்ல நாளில் கற்பூரத்தை அணைத்தவள் இனி ஷெட்டில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கார் அங்கேயே திறந்து கிடந்தது. மேனேஜர் குடும்பம் ரயிலில் போனது. நெருப்பு நிஜமாகவே பிடித்திருக்குமா என்று மறுநாள் முழுக்க வாதம் நடந்தது. பிடித்திருக்காது என்றான் டிரைவர். எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று ராத்திரி கிரேஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

நான்காம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வலது உள்ளங்கையில் கட்டு. ஊசி பிடிக்கிற கை. டாக்டர் இரண்டு மாதம் ஆகும் என்றாராம்.

"மூடுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்ண்ணா. உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உனக்கு மூணு புள்ளைங்க. வேல பூட்டா அதுங்க இன்னா ஆவும்னு பயமா இருந்துச்சிண்ணா" என்றாள்.