மழை நிற்காததால் காய்ந்த படகு

மாரியம்மனை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களுக்கு, ரப்பர் பால் வெட்டும் பரமேஸ்வரி எழுதுவது. என் கணவர் முத்துராஜ் இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு ஒரு படகுதான் காரணம். அந்தப் படகை மீட்டுக் கொடுத்தவள் நம் அம்மன். நான் கேட்டபடி அவள் செய்யவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்து டிவிஷன் களனி கங்கை ஆற்றுக்கு இந்தப் பக்கம், கித்துல்கலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பஸ் ரோடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். இரண்டு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் படகு போகும். ஃபைபர் படகு. பல வருஷம் அதை இழுத்தவர் என் கணவர். அவருக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போன பிறகு நான் இழுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அவரை டவுனுக்குக் கூட்டிப்போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கிவிடும், மூச்சு முட்டும்.

போன வருஷம் வைகாசி முடிகிற சமயம். விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். என் காலுக்குக் கீழே படகின் அடித்தளம் அமுங்கியது. குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே இறங்கிவிட்டது. பால் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அன்று போய் வந்தோம். வந்ததும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் படகைக் கரையில் ஏற்றி, ஒரு தகரத்துக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

இதில் எங்கள் ஆட்களின் கைவேலையைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் எது ஓட்டையானாலும் எங்கள் கை தானாக ரப்பர் பாலைத் தேடும். சப்பாத்து கிழிந்தால் பால், வாளி ஒழுகினால் பால், கூரைத் தகரத்துக்கும் பால். என் கணவர் படகின் உட்பக்கத்தில் விரிசல் கண்ட போதெல்லாம் துணியைப் பாலில் நனைத்து ஒட்டி, அதன்மேல் பெயின்ட் அடித்து வந்திருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்கூட அவர் கெட்டிக்காரத்தனத்தை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது பால் வெட்டும் கத்தியால் ஒரு ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். முழுசாக உரிந்து வந்தது. கீழே தண்ணீர் தேங்கி, நாறி, ஃபைபர் நார் நாராகப் பிரிந்து கிடந்தது.

"சேல மாதிரியில்ல உரிஞ்சு வருது. நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் பாலம் இருக்கும் சுற்றுப் பாதையால் போனோம். அந்தப் பாதை மண்சரிவில் பாதி போய்விட்டது, வண்டி வராது. நாற்காலியில் அவரை வைத்து, இரண்டு கம்பு கட்டி, நான்கு பேர் தூக்கினார்கள். சேற்றில் வழுக்கி ஒருவர் முழங்காலைப் பிளந்துகொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"பரமேசு, இனி நான் போகல."

"என்னங்க பேசுறீங்க?"

"அவனுங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு. எனக்காக நாலு பேரு காலு ஒடியணுமா? நம்ம போட் சரியானா போறேன். இல்லாட்டி விட்டுரு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. தீர்மானித்துவிட்டுச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெஞ்சினேன். இன்னும் ஒரு மாதம் மட்டும் நாற்காலியில் வருவதாகச் சொன்னார், அதற்குமேல் இல்லை.

நான் ருவான்வெல்லைக்கு நடந்தும் பஸ்ஸிலுமாகப் போய், ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானாவைப் பார்த்தேன். அவர் ரெசின், ஃபைபர் நார்த்துணி, உள்பக்கம் அடிக்கிற பெயின்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பிறகு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, ஒண்டு செல்றேன். உள்ளுக்கு ஈரம் ஈக்கிற வரைக்கும் இத பூசாதீங்க. பூசினா மேல பளபளண்டு ஈக்கும், கீழ அழுகும். நல்லா வெயில்ல போட்டுக் காயவெச்சிட்டுத்தான் பூசணும்."

"எத்தன நாளு நானா?"

"தண்ணில ஊறின போட்தானே. ஒருநாள் ரெண்டுநாள் வெயில் பத்தாது. தொட்டா சூடா ஈக்கணும்."

கடைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் மழை பெய்கிற கித்துல்கலைப் பக்கத்தில் வெயிலைத் தேடிப்போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நனைந்த சேலையோடு அம்மன் முன்னால் நின்று, "உன் பேரே மழை. நீ சொன்னால் நிற்காதா? கொஞ்ச நாள் வெயிலைக் கொடு. மடிப்பிச்சை எடுத்து உனக்குப் பொங்கல் வைக்கிறேன்" என்று கேட்டேன். அழுதேன் என்று சொல்ல மாட்டேன். மழையில் யாருக்குத் தெரியும்.

மழை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வீட்டில் விளக்கு வைக்கவில்லை. சனிக்கிழமை வைத்துவிட்டேன். என் கோபம் அவ்வளவுதான் தாங்கியது.

அதற்கு மறுநாள் படகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது மழை வலுத்தது. பக்கத்தில் ஸ்மோக் ஹவுஸ் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் விறகு எரித்துக் காய வைக்கும் பெரிய அறை அது. ஓடிப்போய் உள்ளே நின்றேன். வாட்ச்சர் குணதாச அண்ணன் அங்கே இருந்தார். மழை என்றால் பால் வெட்டு இல்லை, பால் இல்லாததால் ஷீட்டும் இல்லை. அறை காலியாகக் கிடந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அவர் சின்னதாக நெருப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் மழையைத் திட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினோம். கிளம்பும்போது சேலையைப் பிழியலாம் என்று முந்தானையைப் பிடித்தேன். காய்ந்திருந்தது.

வாசலின் அகலத்தைப் பார்த்தேன். ஷீட் வண்டி போய்வருகிற வாசல், படகும் நுழையும்.

"அண்ணே, எங்க போட்ட இங்க கொண்டாரவா?"

குணதாச அண்ணன் எழுந்து வந்து வாசலைப் பார்த்தார். அவருக்கும் எங்கள் வீட்டு நிலைமை தெரியும். "ஹரி நங்கி, கேன்ன, கொண்டு வா. ஐயாகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேளு" என்றார்.

ஃபெக்டரி ஐயா சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மழை விட்டு வெட்டு ஆரம்பிச்சா அன்னைக்கே ஷீட் வந்துடும். அப்ப படக எடுத்துடணும்."

என் கதையைப் பாருங்கள். மழை நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள், இப்போது மழை நிற்கக் கூடாது என்று வேண்ட வேண்டும். கோயில் படியில் போய் உட்கார்ந்தேன். லயத்தில் எல்லா வீட்டிலும் வெட்டு இல்லாமல் பேர் விழவில்லை, கூலி இல்லை. அடுப்பு எரிவதே கஷ்டம். என் புருஷனைத் தோளில் சுமந்தவர்களின் வீட்டுச் சோற்றுக்கு எதிராக நான் எப்படி மழையைக் கேட்பேன்? அதே அம்மனிடம் அவர்கள் வெயில் கேட்டு நிற்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் கும்பிட்டேன். "எனக்குக் கேட்கத் தெரியவில்லை தாயே. எல்லாரையும் நீயே பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

படகை உள்ளே கொண்டுபோய் மரக்கட்டைகள்மேல் வைத்தோம். குணதாச அண்ணன் அடுப்பைப் பெரிதாக்கினார். உட்பக்கத்திலிருந்து முதலில் ஆவி வந்தது, பிறகு பழைய ரப்பர் பால் நாற்றம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. நான் தினமும் போய்க் கையை வைத்துப் பார்ப்பேன். வெளியே தூறல் விடவே இல்லை. ஒருநாள் கை வைத்தபோது நானா சொன்ன சூடு இருந்தது. ஓரம், மூலை, எங்கேயும் ஈரமில்லை.

ரெசினுக்கு நெருப்பு ஆகாது. அடுப்பைத் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைத்துச் சாம்பலையும் அள்ளினோம். கதவையெல்லாம் திறந்து வைத்தோம். சுவரில் மட்டும் சூடு மிச்சமிருந்தது. புகைக்கரியைத் தின்னர் போட்டுத் துடைத்து, கெட்டுப்போன நாரைச் சுரண்டி எறிந்து, மணல்தாளால் தேய்த்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி நார்த்துணியை ஒட்டினேன். அது இறுகிய பிறகு சாம்பல் நிறப் பெயின்ட்டை இரண்டு கை பூசினேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த என் கணவர், "அந்த மூலைய விட்டுட்ட", "இங்க மெல்லிசா இருக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன், கொஞ்சம் ரப்பர் பால் வைக்கவா?" என்று கேட்டேன். அவர் ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பெயின்ட் காய்ந்து, விரலில் ஒட்டாமல் இறுகியது. அதற்கு மறுநாள் விடியற்காலை வெளியே வந்தேன். வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் இல்லை. மரங்களின் பட்டை காயத் தொடங்கியிருந்தது. பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வரச்சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனார். வெட்டுக்குப் போகிற ஆண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஸ்மோக் ஹவுசுக்கு வந்தார்கள். நாற்காலி தூக்கிய அதே நான்கு பேரும் முன்னால் நின்று படகைப் பிடித்தார்கள். ஆற்றில் இறக்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். அன்று பகலே ஸ்மோக் ஹவுசில் ஷீட் தொங்கியது.

யோசித்துப் பாருங்கள். நான் கேட்ட வெயில் அன்றே வந்திருந்தால் ஸ்மோக் ஹவுஸ் நிறைந்திருக்கும். நாங்களும் மேலே காய்ந்ததைப் பார்த்து ஏமாந்து, ஈரத்தின்மேல் பூசியிருப்போம். நான் நிறுத்தச் சொன்ன மழையால்தான் அவள் எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்தாள். ஊருக்கு வெயிலையும் தந்தாள்.

ஆடித் திருவிழாவில் மடிப்பிச்சை எடுத்தேன். குணதாச அண்ணன் அரிசி போட்டார். நானா கடையிலிருந்து வெல்லம் அனுப்பினார். பொங்கல் வைத்தேன். என் கணவருக்கு நோய் தீரவில்லை. தீர்ந்தது என்று பொய் சொல்லி அம்மனுக்குப் பேர் வாங்கித்தர வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவர் இருக்கிறார். போக மாட்டேன் என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கஷ்டம் இருக்கும். அவளிடம் போய்ச் சொல்லுங்கள். எப்படித் தர வேண்டும் என்பதை மட்டும் அவள் கையில் விட்டுவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமையும் நல்ல மழை. குடையை அவர் பிடித்துக்கொண்டார், கயிற்றை நான் இழுத்தேன். அக்கரையில் இறங்கும்போது அவர் குனிந்து படகின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை எனக்குக் காட்டினார். சேறு இல்லாத மழைத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"ஆத்துத் தண்ணி இல்ல" என்றார். பஸ் வந்துவிட்டது, ஏறினோம்.