மூன்றாம் ரீலுக்குப் பிறகு இரண்டாம் ரீல்

1993 பிப்ரவரி 13, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். மழை இல்லை, மேகம் இல்லை. கடற்காற்று மட்டும் வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, நாங்கள் இருந்த அலுவலகக் குடியிருப்பின் வாலிபால் மைதானத்தில் கட்டியிருந்த வெள்ளைத் திரை, படம் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் நாற்பத்திரண்டு. நான்தான் எண்ணினேன். எண்ணாமல் உட்கார்ந்தால் எனக்குப் படத்தில் மனம் நிற்காது. இன்றும் அப்படித்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அது சாதாரண விஷயமில்லை. முந்தைய ஆண்டு அலுவலக வேலையாக வடக்கே போன அப்பா, அங்கேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதன்பிறகு அம்மாவின் தம்பியான மாமாவின் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்தோம். காய்கறிக் கடை, ரேஷன் கடை தவிர அம்மா எங்கும் போவதில்லை. பாட்டு, சிரிப்பு, பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் தானாகவே விலக்கி வைத்திருந்தாள். மாமா ஒரு மாதம் கெஞ்சிய பிறகு அன்றுதான் வந்தாள். பாதியில் எழுந்து போய்விட்டால் மறுபடி இப்படி வரமாட்டாள் என்பது எனக்கே தெரியும். அதனால் திரையைப் பார்த்ததைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

மாமா எங்கள் ஃபிலிம் கிளப்பின் செயலாளர். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய், வெளிநாட்டுத் தூதரக நூலகங்கள் இரவல் கொடுக்கும் படச்சுருள்களைத் தகரப் பெட்டிகளில் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பெரும்பாலும் தொலைதேசத்து மக்களைப் பற்றிய ஆவணப்படங்கள். பின்னணியில் பேசுவது யாருக்கும் புரியாது. சப்டைட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பாலைவனத்தில் கிணறு வெட்டுகிறவர்களும், உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்களும் எனக்கு இப்படித்தான் பழக்கமானார்கள்.

கோவளத்துக்காரரான ஆபீஸ் பஸ் டிரைவர் ஒரு படத்தையும் விடமாட்டார்; திட்டாமலும் விடமாட்டார்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் சண்டை இல்லாத படமா?"

"மலை இருக்கு, பனி இருக்கு. உட்கார்ந்து பாருப்பா" என்றார் மாமா.

"ஃபைட்டு கீதான்னு கேட்டா, பனி கீதுன்றாரு!"

மலைநாட்டில் உப்பு வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றிய படம் அது. முதல் ரீலில் கணவன் சடை மாடுகளின் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு கணவாயைக் கடந்து போகிறான். மனைவி பனியை அள்ளிப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள்.

"அவளுக்குத் தண்ணிக் கஷ்டமே இல்ல பாரு" என்றாள் அம்மா. அன்று அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

விளக்கு எரிந்து, ரீல் மாறி, மறுபடி அணைந்தது. திரையில் ஓர் எண் பளிச்சென்று வந்து போனது.

"அம்மா, ரெண்டு வரல. மூணு வருது."

"சும்மா பாருடா."

பனிப்புயல். ஊர் ஆண்கள் கோல்களால் பனியைக் குத்திக் குத்தித் தேடுகிறார்கள். வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கணவாயின் உச்சியில் கல் அடுக்கித் துணி கட்டுகிறார்கள். மனைவி அந்தக் கற்குவியலின் முன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள்.

அம்மாவின் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கியது. காலால் செருப்பைத் துழாவினாள். எழப்போகிறாள் என்று நினைத்தேன். ரீலுக்கு ரீல் ஐந்து நிமிடம் விளக்கைப் போட்டு வைக்கும் மாமா, அன்று விளக்கையே போடவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அடுத்த ரீலை மாட்டினார்.

அவன் வந்துவிட்டான். அதே தொப்பி, அதே கோணல் சிரிப்பு. உப்பு மூட்டைகளை இறக்கினான். மனைவி வாசலுக்கு வந்து அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு ஊரே வட்டமாக நின்று ஆடியது. காற்றில் திரை உப்பி உப்பி, மலைகளும் கூடவே ஆடின.

டிரைவர் விசிலடித்தார். "தப்பிச்சுக்கினான் பாரு! பனியாவது கினியாவது!"

அம்மா சிரித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அடிச்சா பாருடா அவ! நானா இருந்தா இன்னும் ரெண்டு வச்சிருப்பேன்."

படம் முடிந்து, எதிர்வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே அம்மா முன்னால் நடந்தாள். கிளப்பின் பொருளாளர் மாமாவிடம் வந்தார்.

"சார், ரெண்டுக்கு முந்தி மூணைப் போட்டுட்டீங்க. நம்பர் திரையிலேயே தெரிஞ்சுது. அப்படின்னா அந்த ஆளு கடைசியில..."

"மெதுவா சார்." மாமா முன்னால் போகிறவர்களைப் பார்த்தார். "அவசரத்துல பார்க்காம மாட்டிட்டேன். தப்புதான்."

"வுடு சார்" என்றார் டிரைவர். "செத்தவன் உப்போட வூட்டுக்கு வந்து ஆட்டம் போட்டுக்கினு கீறான். அதுல உனுக்கு இன்னா பேஜாரு?"

பொருளாளர் விடுகிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. நான் கிளப் வாசலில் நின்றிருந்தேன். மாமா மறுபடியும் தப்புதான் என்றார். விதிப்படி அபராதம், அதோடு ஆறு மாதம் புரொஜெக்டரைத் தொடக்கூடாது. அந்த இயந்திரத்தைத் தன் கைக்குட்டையால் மட்டுமே துடைக்கிறவருக்கு இது பெரிய தண்டனை. எனக்கோ ஒரே அவமானம். வரும் வழியில், "மாமா, இனிமே நான் நம்பர் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"சரிடா ராஜா" என்றார்.

அடுத்த மாதம் யாரும் கூப்பிடாமலே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதன்பிறகு ஒரு படத்தையும் விடவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திரைப்பட விழாக்களுக்கும் என்னோடு வந்தாள். எந்த நாட்டுப் படமானாலும் முதலில் அடுப்பைத்தான் கவனிப்பாள். அடுப்பைப் பார்த்தே அந்த வீட்டுக்காரியை எடைபோட்டுவிடுவாள். முன்பின் தெரியாத தேசத்துக்காரர்களைச் சொந்தக்காரர்களைப் போலக் கவலையோடு பார்க்கும் பழக்கம் எனக்கும் அந்த மைதானத்தில்தான் ஒட்டிக்கொண்டது. மூட்டு வலியோடு இன்றும் விழா வரிசைகளில் நிற்கிறேன் என்றால், நன்றி சொல்ல வேண்டியது மாமாவுக்குத்தான்.

எந்தப் படத்தையும் முந்தின நாளே தனியாக முழுக்க ஓட்டிப் பார்த்து, அறுந்த இடங்களை ஒட்டி, பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைக்கிறவர் அவர். உப்பு வியாபாரியின் கதையையும் வெள்ளிக்கிழமையே கடைசிவரை பார்த்திருந்தார். அப்படிப்பட்டவர் இரண்டு எது, மூன்று எது என்று பார்க்காமல் மாட்டிவிட்டாராம். பதினொரு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். அபராதம் என்று கமிட்டி வாயெடுத்ததுமே மாமா சட்டைப் பையில் கைவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தது எனக்கு விசேஷமாகத் தோன்றவில்லை. இருபத்தைந்து ரூபாய்.