ஐஸில் போட்ட விரல்

முதல் விரலை ஐஸில் போட்டவள் நான்தான்.

ஜெலுத்தோங்கில் இரும்புப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சந்தில், தேயும் காப்பியும் கலக்கும் சின்னக் கடை எனக்கு. ஒருநாள் காலை, கம்பி வெட்டும் அண்ணன் ஒருவருக்கு மெஷினில் ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில் அந்த விரலை அப்படியே ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்துக் கொடுத்தனுப்பினேன். விரல் ஒட்டவில்லை.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் கடைக்கு வந்தார். விபத்தில் கை கால் நசுங்கி வருகிறவர்களுக்கு அறுவை செய்து சேர்த்து வைப்பவர்.

"ஐஸ்ல போட்டது யாரு?"

இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் எதைக் கேட்டாலும் தப்பு என்மேல்தான் என்று தோன்றும். அதற்குள் மனசு போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்துவிட்டது.

"நான்தான் டாக்டர். தெரியாம செஞ்சிட்டேன்."

"ஐஸ் நேரா பட்டா சதை செத்துடும்க்கா."

"அப்போ என்னாலதான் போச்சா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டரே இல்லாத நாட்டுக்கெல்லாம் வருஷா வருஷம் போறேன். ஆபரேஷன் செஞ்சிட்டு, அங்க உள்ளவங்களுக்குத் துண்டான விரல எப்படிக் கொண்டு வரணும்னும் சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன். பக்கத்துல இருக்குற இந்தச் சந்துக்கு ஒரு தடவகூட வந்ததில்ல. தப்பு யார் மேல? சரி, பாலில்லாம தே ஓ ஒண்ணு போடுங்க."

அடுத்த சனிக்கிழமை பட்டறை ஆட்களை என் கடையிலேயே உட்கார வைத்தார். விரலுக்குப் பதில் ஒரு கேரட். ஈரமான சுத்தத் துணியில் அதைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். செய்து காட்டினார். அவர் கட்டிய பை ஒழுகியது.

ஒன்பது விரலோடு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அண்ணன்தான் முதலில் சிரித்தார். "டாக்டர், தங்கச்சிகிட்ட கொடுங்க லா! அது பார்சல் கட்டுற தே ஐஸ் பைய நான் பல்லால கடிச்சுத்தான் தொறக்குறேன்."

"அப்போ இந்த வேலை அக்காவுக்குத்தான்," என்றார் டாக்டர்.

சில மாதம் கழித்து அந்த வேலை வந்தது. வங்காளதேசத்திலிருந்து வந்து தகடு வெட்டுகிறவருக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. அண்ணன் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் துணியை நனைத்தேன், சுற்றினேன், கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது பையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கியிருக்குமோ? துணி சுத்தம்தானா? இந்த விரலும் என் கையால் போய்விட்டால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

சாயங்காலம்தான் டாக்டர் வெளியே வந்தார். "ஒட்டியாச்சுக்கா. ரத்தம் ஓடுது."

"நிக்குமா டாக்டர்?"

"கொஞ்ச நாள் பார்க்கணும்."

தினமும் போய் அதையே கேட்டேன். கடைசியில் அவர், "உங்களுக்குப் பயந்தே அது ஒட்டிக்கும்," என்றார்.

ஒட்டிக்கொண்டது. ஆனால் மாதக்கணக்கில் அதற்கு உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று அந்த வங்காளதேசத்துக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பொருளைப் பிடித்தது தெரியாத விரலை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வார்?

போன மாதம் ஒருநாள் கடையில் தே கிளாஸைத் தூக்கியவர் வெடுக்கென்று கீழே வைத்தார். பாதி தே மேசையில்.

"பானாஸ், காக்கா!" என்று கத்தினார். மலாயில், 'சுடுது அக்கா' என்கிறார். ஒட்டிய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதே விரலால் கிளாஸை மறுபடி தொட்டார்.

நான் உடனே டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். அவர் எங்கோ ஒரு நாட்டில் ஆபரேஷனில் இருந்தார். அங்கே லைன் கிடைப்பதில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பின்னால் ஜெனரேட்டர் சத்தம்.

"இனிமே அவருக்குத் தேயைக் கொஞ்சம் ஆத்திக் கொடுங்கக்கா."