கதவுக்காரரின் பதினோரு நிமிட உரை

கதவுக்காரர் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டவர். பாருங்கள், கால்வாய் லாக்கில் கதவு திறந்து மூடும் வேலை கிடைத்ததும் அவருக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்துவிட்டது. லாக் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவே ஆழமான ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி மேல்மதகைத் திறந்தால், பதினோரு நிமிடத்தில் தண்ணீர் நிரம்பிப் படகை மேல் கால்வாய்க்குத் தூக்கிவிடும்.

அந்தப் பதினோரு நிமிடமும் அவர் தொட்டிச் சுவர் மேல் நின்று உரையாற்றுவார். நூற்றெண்பது வருடத்துக்கு முன் மண்வெட்டியால் தோண்டியது, தானியப் படகுகள் வரிசைகட்டி நின்றது, ரயில் வந்து பிழைப்பை வாரிக்கொண்டு போனது, சேறாய்க் கிடந்த கால்வாய் சுற்றுலாப் படகுகளால் பிழைத்துக்கொண்டது, ஒன்றையும் விடமாட்டார். கீழே எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருமுறை ஒருவர் கைகூடத் தட்டினார். அன்றிலிருந்து இவருக்குத் தான் பேராசிரியர் என்றே நினைப்பு.

இருபத்தேழு வருட வேலை முடிந்து மாதக் கடைசியில் ஓய்வு. வீட்டில் சும்மா கிடந்தால் செத்தே போவோம் என்று பயந்து, லாக்கில் சரித்திரம் சொல்பவராகத் தன்னை வைத்துக்கொள்ளும்படி மனுப் போட்டார்.

"படகுல உக்காந்து கேட்டுட்டு முடிவு பண்றேன்," என்றார் கால்வாய்ப் பொறியாளர்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்ததிலேயே மனிதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"நான் சொல்றேன். வீட்ல தினம் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் தலைகீழா மனப்பாடம்," என்றார் மனைவி.

மனைவி சுவர் மேல் ஏறி நிற்க, படகில் பொறியாளர் பக்கத்தில் கதவுக்காரர் உட்கார்ந்தார். படகோடு அந்தத் தொட்டிக்குள் அவர் போனதே அன்றுதான். மதகு திறந்தது. கல் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் பேரிரைச்சலாய் இரைந்தது. மேலே மனைவியின் வாய் அசைந்தது, கை நீண்டது. ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை. படகில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். பொறியாளரும் ஆட்டினார். கதவுக்காரர் காதோரம் கையைக் குவித்து அண்ணாந்து பார்த்தார்.

படகோட்டி அவர் காதில் கத்தினார்: "நீங்களும் இப்படித்தாண்ணே கையை ஆட்டுவீங்க! கயித்த இறுக்கிப் பிடிக்கச் சொல்றீங்கன்னு நெனச்சு நானும் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்!"

இருபத்தேழு வருடம்! அழுகையும் வந்தது, தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

தண்ணீர் நிரம்பி இரைச்சல் அடங்கியது. உரையும் முடிந்திருந்தது. பொறியாளர் மனுவை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "பிரமாதம். எல்லாம் சரியாத்தானே சொன்னாங்க?"

தலையை ஆட்டினால் போதும், வேலை கையில். கதவுக்காரருக்குக் கழுத்து அசையவில்லை. மனுவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தைகூடக் கேக்கல சார்," என்றார், இருந்த காற்றையெல்லாம் திரட்டி.

படகு இப்போது சுவர் மட்டத்துக்கு ஏறியிருந்ததால் மனைவிக்கு அது தெளிவாகவே கேட்டது.

"அப்போ," என்றார் அவர், இடுப்பில் கை வைத்து, "இத்தனை வருஷமா இதை முழுசாக் கேட்டது நான் ஒருத்திதானா?"