எஸ்தர் அக்கா அறுத்துப் போட்டவை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எனக்கு ஃபிளெக்ஸில்தான் வந்தது. திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகிறேன், கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேட்டில் அவர் படம். கீழே, ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’. எட்டு மாதத்துக்கு முன் அதே கேட்டில் பையைச் சோதித்து அவரை வெளியே அனுப்பியவர்கள் வைத்த பேனர்.

நாங்கள் செய்வது ஸ்லைடர். பந்தய பைக் சாய்ந்தால் என்ஜினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் முன்னால் தரையில் மோத வேண்டிய நைலான் கட்டை. அதை வண்டியோடு பிடித்து வைப்பது ஒரே ஒரு போல்ட். அக்கா தரம் பார்ப்பவர், நான் பேக்கிங். பெட்டிக்கு ஒரு போல்ட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி, குழாயை மாட்டி வளைப்பார். வளைந்தால் பெட்டி லாரிக்குப் போகலாம். ஒடிந்தால் அந்தப் பெட்டியிலுள்ள எல்லாக் கட்டையிலும் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. “வண்டி உழுந்தா இது அடி வாங்கணும், ஓட்டுறவன் காலு வாங்கக் கூடாது” என்பார்.

ஒருமுறை மலிவான போல்ட் வந்து இறங்கியது. பன்னிரண்டு பெட்டி தேறவில்லை. மறுநாள் லாரி வந்து நின்றது. மேனேஜர் என் கையில் தின்னர் டப்பாவைக் கொடுத்தார். பன்னிரண்டு பெட்டியின் சிவப்புக் குறிகளையும் நான்தான் துடைத்தேன்.

அக்கா என் நகக்கண்ணில் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா இது?”

“மேல சொன்னாங்கக்கா.”

“மேலன்னா யாரு, கர்த்தரா?”

அடுத்த நாள் வீட்டிலிருந்து ஆக்ஸா பிளேடு கொண்டுவந்தார். அன்று தேறாத கட்டைகளை எல்லாம் பாதிவரை அறுத்து என் முன்னால் கொட்டினார். “இப்போ தொடைச்சிக்கினு இரு, பாக்கலாம்.”

கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தினார் என்று கடிதம் அடித்தார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கும் பிள்ளைகள் உண்டு. அதன்பின் இந்தப் பேட்டையில் ஒரு கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. போன வாரம் நெஞ்சுவலி.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். “இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். அவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக்கினு வா.” எழுதியிருக்கிறேன். இதுதான்.

அக்காவின் பையிலிருந்து கேட்டில் அவர்கள் பிடுங்கிப் போட்ட பிளேடு அன்றிலிருந்து என் லாக்கரில் இருக்கிறது. இன்று காலை மூன்று பெட்டியின் போல்ட்டை நானே வைஸில் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஒடிந்தது. அந்தப் பெட்டியின் கட்டைகளை அறுத்துவிட்டேன். எனக்கும் கடிதம் அடிப்பார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு உங்களில் ஒருவரிடம்தான் வருவார்கள். போடாதீர்கள்.